புண்ணுக்கு ஊரடங்கு தெரியாது! - கொரோனா காலத்தில் தள்ளிப்போன படுக்கைப் புண் அறுவை சிகிச்சைகள்

2020, மே மாதம். திருமுல்லைவாயலில் பெரியப்பா வீட்டு ஹாலில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடித்த கல்யாணம். கடைசியில் வீட்டுக்குள் இருபது பேர், எல்லோர் முகத்திலும் மாஸ்க். பெண்ணின் அப்பாவாக மணையில் உட்கார்ந்தது என் அப்பா.

பெரியப்பா எங்கே? ஹாலின் ஓரத்தில், கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மகளுக்குத் தாலி ஏறுவதைப் பார்த்தார்.

அவருக்குக் கொரோனா இல்லை. வால் எலும்புக்கு மேல் ஒரு படுக்கைப் புண் இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் அதற்கு அறுவை சிகிச்சை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

கொரோனா காலம் என்றதும் நமக்கு ஆக்சிஜன் சிலிண்டரும் தகரம் அடித்த தெருக்களும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தகரத்துக்குப் பின்னால், ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கு என்ன ஆனது? அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பெரியப்பாவின் அனுமதியோடு, அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

வெளியே சின்ன ஓட்டை, உள்ளே குகை

பெரியப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். 2018-ல் நடந்த ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆனாலும் முடங்கவில்லை. வீட்டு வாசலிலேயே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை போட்டு, வீல் சேரில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்.

2020 ஜனவரியில், குளிப்பாட்டும்போது பெரியம்மா அதைப் பார்த்தார். வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு. வலி தெரியாததால் பெரியப்பாவுக்கு அது இருப்பதே தெரியாது. 'உட்கார்ந்து உட்கார்ந்து கன்னிப்போயிருக்கும்' என்று எண்ணெய் தடவினார்கள். பிப்ரவரியில் தோல் திறந்துகொண்டது.

நாம் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே நம்மை அறியாமல் அசைந்துகொள்வோம். தூக்கத்திலும் புரண்டு படுப்போம். உடம்பு தானாகச் செய்யும் வேலை இது. தண்டுவடப் பாதிப்பு, பக்கவாதம், முதுமை, நினைவிழப்பு என்று எந்தக் காரணத்தாலாவது அந்த அசைவு நின்றுபோனால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கும் சதை நசுங்கும். அங்கே போகும் ரத்தம் தடைபடும். சில மணி நேரம் இப்படியே இருந்தால் திசு செத்துப்போகத் தொடங்கும்.

இதனால்தான் மருத்துவர்கள் இப்போது இதை 'அழுத்தக் காயம்' என்கிறார்கள். படுக்கையைவிட, தொடர்ந்து விழும் அழுத்தம்தான் குற்றவாளி. வீல் சேரிலும் வரும். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால், பின்னந்தலை என எலும்பு துருத்தும் எல்லா இடமும் ஆபத்தான இடம்தான்.

இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. சிவந்தோ கறுத்தோ இருக்கும். விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாது. நம் மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அந்த இடம் மட்டும் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் உஷாராக வேண்டும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரியும், கொப்புளம் வரும். மூன்றாவதில் கொழுப்பு தெரியும். நான்காவதில் தசை, எலும்பு வரை போய்விடும்.

பல சமயம் சேதம் எலும்புக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்து மேலே வருகிறது என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். வெளியே சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே பெரிய குகை இருக்கும். பெரியப்பாவுக்கு மார்ச் மாதம் பரிசோதித்தபோது அப்படித்தான் இருந்தது.

தையல் போட்டால் ஆறாதா?

நாங்களும் டாக்டரிடம் இதைத்தான் கேட்டோம். ஆறாது. சதையே இல்லாத குழியை இழுத்துத் தைத்தால் பிரிந்துவிடும். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால், உட்காரும் எடையை அது தாங்காது.

அதனால் ஆழமான புண்களுக்கு 'ஃப்ளாப்' என்ற அறுவை சிகிச்சை செய்கிறார்கள். முதலில் செத்த திசுவைச் சுரண்டி எடுப்பார்கள். எலும்பு கெட்டிருந்தால் அதையும் செதுக்குவார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் நல்ல தோலை, கொழுப்பு அல்லது தசையோடும் அதன் ரத்தக்குழாயோடும் சேர்த்து நகர்த்திக் குழியை மூடுவார்கள். ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை, அதாவது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்களின் வேலை இது.

ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சோதனை. பல வாரங்களுக்கு அந்த இடத்தில் எடை விழவே கூடாது. குப்புறவோ, பக்கவாட்டிலோ மட்டும்தான் படுக்க வேண்டும். பிறகு ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் என்று ஆரம்பித்துத்தான் உட்கார வைப்பார்கள்.

மயக்க மருந்து டாக்டர், ரத்தம், தனிக் கவனிப்பு, வாரக்கணக்கில் ஒரு படுக்கை. இத்தனையும் வேண்டும். 2020-ல் எதற்கெல்லாம் தட்டுப்பாடு வந்ததோ, அந்தப் பட்டியலும் கிட்டத்தட்ட இதுவேதான்.

'அவசரம் இல்லை' என்ற வரிசையில்...

2020 மார்ச் 20 அன்று, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி மருத்துவமனைகளுக்கு மத்திய சுகாதாரத்துறை அறிவுறுத்தியது. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

பெரியப்பாவுக்குத் தேதி கொடுத்திருந்த மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "இப்போ வர வேண்டாம். நாங்களே கூப்பிடுறோம்." அவ்வளவுதான். அது எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை. ஏனென்றால், இது ஒரு மருத்துவமனையின் தவறே இல்லை. உலகம் முழுக்க நடந்தது.

கொரோனாவின் முதல் 12 வார உச்சத்தில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 2.84 கோடி அறுவை சிகிச்சைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று 'கோவிட்சர்ஜ்' என்ற சர்வதேச மருத்துவர்கள் கூட்டமைப்பு 2020 மே மாதம் கணித்தது.

தள்ளிவைத்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. அறுவை சிகிச்சையை ஒட்டிய நாள்களில் கொரோனா தொற்றுக்கு ஆளான 1,128 நோயாளிகளை அதே கூட்டமைப்பு ஆராய்ந்தது. 30 நாள்களுக்குள் 23.8 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். சத்துக் குறைந்து, நுரையீரலும் பலவீனமாக, பல வாரங்கள் வார்டில் கிடக்க வேண்டிய ஒருவரை அந்த நேரத்தில் உள்ளே அழைப்பது டாக்டர்களுக்கே பயமாக இருந்திருக்கும்.

ஆக, 'இப்போது வேண்டாம்' என்பது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். ஆனால், கண்புரையைப் போல, குடலிறக்கத்தைப் போல இதையும் 'காத்திருக்கக் கூடியது' என்ற வரிசையில் வைத்ததில்தான் சிக்கல். புண் காத்திருக்கவில்லை. அது தினமும் ஆழமாகிக்கொண்டே இருந்தது.

ரயில் நின்றது, பாதை நீண்டது

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் ட்ரெயின் ஏறினால் சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் நமக்கு இந்த வழிகள்தான்.

மார்ச் மாதக் கடைசியில் இரண்டும் நின்றன. சென்னையில் மாநகரப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியது 2020 செப்டம்பர் 1-ல். புறநகர் ரயில் அக்டோபர் 5-ல் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக மட்டும் திரும்ப வந்தது. பொதுமக்களை ஆரம்பத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய அரசு மருத்துவமனைகள் எல்லாம் கொரோனா வார்டுகளால் நிரம்பியிருந்தன.

உட்கார முடியாத ஒருவரை ஆட்டோவில் அழைத்துப்போக முடியாது. படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வேன் வாடகை கட்டுப்படியாகவில்லை. தவிர, 'போனால் கொரோனாவோடு வருவோம்' என்ற பயம். நாங்கள் போகவில்லை. எங்களைப் போல எத்தனை வீடுகளோ!

ஹாலே வார்டு, பெரியம்மாவே நர்ஸ்

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டதால் வீட்டுக்குள் வர வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். வாட்ஸ்அப் வீடியோ காலில் பெரியம்மாவுக்கு அவர் டிரெஸ்ஸிங் கற்றுக்கொடுத்தார். கையைக் கழுவுவது, சலைனில் புண்ணைக் கழுவுவது, குழிக்குள் காஸை அடைக்காமல் தளர்வாக வைப்பது என்று ஒவ்வொன்றாக. "மஞ்சள் தூள், டெட்டால், பவுடர் எதுவும் போடாதீங்க. புண்ணு உங்க சமையல் கட்டு இல்ல" என்பார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவில் 10, 12, 2, 4 என்று அலாரம். அண்ணனும் பெரியம்மாவும் முறை வைத்துக்கொண்டார்கள். தவணையில் ஒரு ஏர் பெட் வாங்கினோம். கரன்ட் போனால் அது காற்றிறங்கிவிடும். அப்போதெல்லாம் வீட்டில் இருக்கும் தலையணை அத்தனையும் கட்டிலுக்கு வரும்.

அவர்கள் செய்த இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. தண்டுவடம் அடிபட்டால் படுக்கைப் புண்ணிலோ சிறுநீர்த் தொற்றிலோ சாவது சகஜம் என்றிருந்த காலத்தில், 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவர் அவர்தான். அவர் வார்டில் கறாராகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி, இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்புவது.

நம் வேலூரிலும் ஒரு முன்னோடி உண்டு. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல் சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் சி.எம்.சி-யில் மறுவாழ்வு மருத்துவத்துறையை உருவாக்கினார். படுக்கையைத் தாண்டியும் வாழ்க்கை உண்டு என்று காட்டியவர்.

பெரியம்மாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. ஆனால், அலாரம் அடித்தால் எழுந்துவிடுவார்.

ஜூன் மாத இரவு

ஜூன் 19-ம் தேதி முதல் சென்னையிலும், சென்னை காவல் எல்லைக்குட்பட்ட திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணிலிருந்து நாற்றம். அவர் பேச்சு குழறியது. புண்ணில் இருந்த கிருமி ரத்தத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ், குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 2004-ல் காலமானார். அந்தக் கடைசி நாள்களில் அவரும் கிருமி தாக்கிய படுக்கைப் புண்ணுக்குத்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

108-க்கு போன் செய்தோம். வந்தது. கவச உடையில் வந்த இருவர் பெரியப்பாவைக் குப்புறப் படுக்கவைத்தே கொண்டுபோனார்கள். கூட ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் அண்ணன் மட்டும் போனான். முதலில் கொரோனா டெஸ்ட். முடிவு வரும்வரை தனி வார்டு. 'நெகட்டிவ்' என்று வந்த பிறகு, செத்த திசுவை அகற்றும் அவசர சிகிச்சை மட்டும் செய்தார்கள். புண்ணை மூடவில்லை. பத்து நாளில் உள்ளங்கை அளவுக் குழியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் பெரியப்பா முதல்முறையாக அழுதார். "ஏப்ரல்ல பண்ணியிருந்தா இந்நேரம் கடையில உட்கார்ந்திருப்பேன்மா" என்றார் என்னிடம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொரோனா கொடுத்த புண்கள்

கொரோனா பழைய புண்களைத் தள்ளிப்போட்டதோடு நிற்கவில்லை, புதிய புண்களையும் கொடுத்தது. மூச்சுத்திணறல் அதிகமான நோயாளிகளை ஐ.சி.யு-வில் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். நுரையீரலுக்கு அது நல்லது. ஆனால் கன்னம், தாடை, நெற்றி, மார்பு, முழங்கால் என்று வழக்கமாகப் புண் வராத இடங்களில் அழுத்தம் விழுந்தது. மூச்சுக்குழாய், மாஸ்க் வார் பதிந்த இடங்களிலும் காயங்கள் வந்தன. ஆக்சிஜன் குறைந்த உடம்பில் தோலும் சீக்கிரம் கெட்டது.

2021 மே மாத இரண்டாம் அலையில் ஐ.சி.யு படுக்கைக்கே அல்லாடிய நாள்களில், ஒரு நர்ஸ் எத்தனை பேரைத்தான் திருப்பிப் படுக்கவைக்க முடியும்? உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த சிலர், முதுகில் ஒரு புண்ணோடு வந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து...

பெரியப்பாவுக்கு அக்டோபரில் மறுபடி அழைப்பு வந்தது. இந்தமுறை தடை போட்டது கொரோனா அல்ல, உடம்பு. ரத்தசோகை. புரதச்சத்தும் குறைவு. புண்ணிலிருந்து கசியும் நீரில் தினமும் புரதம் வெளியேறும். அதை ஈடுகட்டாமல் ஃப்ளாப் செய்தால் ஒட்டாது என்றார்கள். முட்டை, பருப்பு, மீன், மாத்திரை என்று ஆறு வாரம். நவம்பர் கடைசியில் நிவர் புயல். தெருவெல்லாம் தண்ணீர். ஒருவழியாக டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. ஏப்ரலில் செய்திருந்தால் போதுமானதைவிடப் பெரிய ஃப்ளாப், அதிக ரத்தம், அதிக நாள்கள்.

2021 பிப்ரவரியில் முதல்முறையாக வீல் சேரில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். ஏப்ரலில் கடையைத் திறந்தார். மே மாதம் மறுபடி ஊரடங்கு வந்தது. ஆனால், அப்போது புண் மூடியிருந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் திட்டம் அது. 2020-ல் எங்கள் வாசலில் ஒரு நர்ஸ் வாரம் ஒருமுறை நின்றிருந்தால், அந்த ஜூன் இரவு வந்திருக்காதோ என்று தோன்றும். அடுத்த பெருந்தொற்று வரும்போது ஆபரேஷன் தியேட்டர்கள் மறுபடி மூடலாம். வீட்டுக்கு வரும் இந்தக் கைகள் மட்டும் நின்றுவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறார்களா?

* தினமும் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் முதுகு, இடுப்பு, குதிகால், பின்னந்தலையைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், அந்த இடத்தில் எடை விழாமல் படுக்கவையுங்கள். அடுத்த நாளும் மாறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். வீல் சேரில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்ப வேண்டும், அல்லது பக்கவாட்டில் சாய வேண்டும்.

* ஏர் பெட் உதவும். ஆனால், திருப்பிவிடும் வேலைக்கு அது மாற்று இல்லை.

* இழுக்காதீர்கள், தூக்குங்கள். விரிப்போடு சேர்த்து இருவர் தூக்கி நகர்த்தினால் தோல் உராயாது.

* சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், மசாஜ் செய்யாதீர்கள். நடுவில் ஓட்டை இருக்கும் ரப்பர் வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

* சிறுநீர், மலம் பட்ட ஈரத்தை உடனே மாற்றுங்கள். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வையுங்கள். சாப்பாட்டில் புரதம் இருக்கட்டும்.

* காய்ச்சல், நாற்றம், சீழ், குழப்பமான பேச்சு, கறுத்த திசு, எலும்பு தெரிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போங்கள். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

* உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீட்டுக்கு வரும் ஆதரவுச் சிகிச்சை நர்ஸ் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கடந்த வாரம் திருமுல்லைவாயல் போயிருந்தேன். பெரியப்பா கடையில் ஒரு பையனுக்கு ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மொபைலில் அலாரம் அடித்தது. இரண்டு கைகளையும் வீல் சேரில் ஊன்றி உடம்பைத் தூக்கினார். மனதுக்குள் எண்ணி, இறங்கினார். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்கும் அலாரம் அது.

"வாடிக்கையாளர் இருந்தாலும் இதை விடமாட்டீங்களா பெரியப்பா?" என்றேன்.

"வந்தவங்க ஒரு நிமிஷம் நிப்பாங்கம்மா. புண்ணு நிக்காது" என்றார்.